பாரம் இறக்கும் சட்டகம்

பினாங்கின் பாலிக் புலாவ் மலைச்சரிவில் டுரியான் பொறுக்குகிறவர் குனிந்து கூடையைத் தூக்கும்போது அவர் முதுகு படும் பாட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். கூடை முதுகெலும்புக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது. அதைத் தாங்கும் தசையோ எலும்புக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கிறது. 20 கிலோ கூடைக்கு அந்தத் தசை 160 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். உடம்பின் பாரம் தனி.

இந்த இழுவையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதற்காக உடம்புக்கு வெளியே மாட்டிக்கொள்ளும் எலும்புதான் ‘எக்ஸோஸ்கெலட்டன்’ எனும் புறச்சட்டகம். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் பெரிய காவடி எடுத்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால் தோள் இளகும். பாரம் இடுப்பு வழியாகக் காலுக்கு இறங்கும். முதுகுச் சட்டகத்தில் கூடுதலாக ஒரு ஸ்பிரிங். குனியும்போது அது இறுகும். நிமிரும்போது தொடையில் ஊன்றி நெஞ்சைப் பின்னுக்குத் தள்ளும். பல சட்டகங்களுக்கு மோட்டாரோ பேட்டரியோ கிடையாது.

1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் செய்த ‘ஹார்டிமன்’ எனும் புறச்சட்டகம் ஏறத்தாழ 680 கிலோ கனத்தது. முழு உடையையும் இயக்கினால் கட்டுக்கடங்காமல் ஆடியது. 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணுக்காலில் ஒரு ஸ்பிரிங்கும் கிளட்சும் மட்டும் பொருத்தி, நடக்கச் செலவாகும் சக்தியைச் சுமார் 7 விழுக்காடு குறைத்தார்கள். எனக்கு இந்தச் சின்னக் கருவிதான் பெரிய சாதனை. ஆனாலும் நம் தோட்டங்களுக்கு அவசரப்பட வேண்டாம். இன்று விற்பவை பெரும்பாலும் தொழிற்சாலையின் சமதரைக்காகச் செய்தவை. மழையில் வழுக்கும் சரிவு வேறு.

மோட்டார் இல்லாமல் முடியாத இடம், நோயாளியின் கால். ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷியுகி சங்காய் உருவாக்கிய ‘ஹால்’ அதற்கானது. நடக்க நினைத்ததும் மூளை அனுப்பும் கட்டளை, மெல்லிய மின்சமிக்ஞையாகத் தோலில் தென்படும். காலை அசைக்க வலுவில்லாதவரிடமும் அது எஞ்சியிருக்கக்கூடும். தொடையில் ஒட்டிய உணரிகள் அதைப் பிடித்ததும் மோட்டார் முட்டியை அசைக்கும். கால் அசைந்த செய்தி மூளைக்குத் திரும்பும். சட்டகத்தைக் கழற்றிய பிறகும் நடக்க வேண்டும் என்பதே இந்தப் பயிற்சியின் நோக்கம்.

இதற்கு ஜப்பான் போக வேண்டியதில்லை. மலாக்காவில் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் துன் ரசாக் மறுவாழ்வு மையத்திலேயே ‘ஹால்’ பயிற்சி உண்டு. உங்கள் வீட்டில் விபத்திலோ பக்கவாதத்திலோ நடை இழந்தவர் சொக்சோ சந்தா கட்டியவரா? அவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்குமா என்று அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்தில் கேளுங்கள். நாள் கடத்தாதீர்கள்.