அம்மாச்சியே அத்தையும் ஆனால்... டேட்டாபேஸில் உறவை எப்படிப் பதிவது?

ஆவுடையார்கோவில் தாலுகாவில் ஒருவர் இறந்துவிட்டால், வாரிசுச் சான்றிதழுக்கு அவர் குடும்பத்தார் இ-சேவை மூலம் விண்ணப்பிக்கலாம். விஏஓ, ஆர்ஐ விசாரித்த பிறகு தாசில்தார் வழங்குவார். எல்லா விசாரணையும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: இறந்தவருக்கு யார் யார் என்ன உறவு?

குடும்ப விவரங்களுக்காக வெப் ஆப் செய்பவரும் இதே கேள்வியில்தான் சிக்குவார்.

'உறவு' என்று ஒரு கட்டம் போதாதா?

போதாது. ரேஷன் கார்டில் எல்லா உறவும் குடும்பத் தலைவரை வைத்தே எழுதப்படுகிறது. தலைவர் மாறினால் 'மகன்' என்பது 'கணவர்' ஆகலாம், 'மனைவி' என்பது 'மாமியார்' ஆகலாம். ஆட்கள் அதேதான், சொல் மட்டும் மாறிடுது.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கலும் உண்டு. தாய்மாமன் தன் அக்கா மகளைக் கட்டுகிறார். வழக்கம் இருந்தால் 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இதை ஏற்கிறது. அவர்கள் குழந்தைக்கு அம்மாவின் அம்மா யார்? அம்மாச்சி. அவரே அப்பாவின் அக்கா, அதனால் அத்தையும்கூட. ஒரே கட்டத்தில் எதை எழுதுவது?

அப்போ என்ன செய்வது?

மூன்று டேபிள் போதும். முதலாவது, நபர்: பெயர், பாலினம், பிறந்த தேதி, இறந்த தேதி. இரண்டாவது, பெற்றோர்–பிள்ளை: இருவரின் எண், பிறப்பா தத்தா என்ற குறிப்பு. மூன்றாவது, திருமணம்: இருவரின் எண், தொடங்கிய தேதி, முடிந்த தேதி.

மாமா, அத்தை, கொழுந்தனார் எதையும் சேமிக்க வேண்டாம். இந்த இணைப்புகளைப் பின்தொடர்ந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். தலைமுறை தலைமுறையாகத் தேடும் 'ரிகர்சிவ் குவெரி' வசதி போஸ்ட்கிரெஸ்கியூஎல் 8.4-ல் 2009-லும், மைஎஸ்கியூஎல் 8.0-ல் 2018-லும் வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. பெரியப்பாவா சித்தப்பாவா என்று சொல்ல யார் மூத்தவர் எனத் தெரிய வேண்டும். பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. எனவே 'எத்தனையாவது பிள்ளை' என்பதையும் கேட்டு வையுங்கள்.

தப்பானால் என்ன நஷ்டம்?

1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணுக்கு மகன், மகள், மனைவி, தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். அவருக்கு முன்பே இறந்துபோன மகன் இருந்தால், அந்த மகனின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்கூட பங்கு உண்டு. 'இறந்தவர்தானே' என்று அந்த மகனின் பதிவை ஆப் அழித்தால், தாத்தாவுக்கும் பேத்திக்கும் நடுவில் உள்ள இணைப்பே அறுந்துபோகும்.

'மனைவி' என ஒரே கட்டம் வைத்தாலும் இதே கதைதான். இரண்டாம் திருமணத்தைப் பதியும்போது முதல் திருமணம் அழிந்துவிடும்.

அதனால் யாரையும் அழிக்காதீர்கள், முடிந்த தேதியை மட்டும் போடுங்கள். ஆப்பை வெளியிடும் முன் இந்த மூன்று குடும்பங்களைப் பதிந்து பாருங்கள்: அக்கா மகளைக் கட்டியவர், இரண்டு திருமணம் செய்தவர், மகனை இழந்த தாத்தா. மூன்றிலும் ஒரு பெயர்கூட விடுபடாவிட்டால், உங்கள் ஸ்கீமா சரி.