சுவர்க்கோழி கத்துதா, இல்லையா?

ஓசூர் சிப்காட். இரவு மணி பத்தே முக்கால். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து, யூனிஃபாரமும் டிபன் டப்பாவுமாகக் கூட்டம் வெளியே வருகிறது. டீக்கடை மாஸ்டர் தமிழில் ஆர்டர் எடுத்து, கன்னடத்தில் பாக்கி கேட்டு, தெலுங்கில் திட்டிக் கொண்டிருக்கிறார். எல்லையோர ஊர் என்றால் சும்மாவா!

பக்கத்தில் நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு சின்னத் தொழிற்சாலையில் பிரஸ் ஷாப் ஆபரேட்டர். தகட்டை வைத்து, ‘டமால்’ என்று அடித்து எடுக்கிற வேலை. இருபத்தைந்து வருட சர்வீஸ்.

“முன்னெல்லாம் இந்நேரத்துக்கு சுவர்க்கோழி கத்தி காதைப் பிளக்கும் சார். இப்ப ஒண்ணுகூட இல்லை. கம்பெனிங்க வந்ததும் பூச்சியெல்லாம் ஓடிப் போச்சு” என்றார், கொஞ்சம் வருத்தமாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைக்குப் பின்னால் புதரில் சுவர்க்கோழிகள் கச்சேரியே நடத்திக் கொண்டிருந்தன!

சரி, அந்தச் சத்தம் இருந்ததா, இல்லையா? எனக்கு இருந்தது. அவருக்கு இல்லை. நானும் அங்கே இல்லாவிட்டால்?

இது லேசுப்பட்ட கேள்வி இல்லை. ‘காட்டில் ஒரு மரம் விழுகிறது. பக்கத்தில் ஈ, காக்காய் கிடையாது. சத்தம் வந்ததா?’ - ஆபீசில் கேட்டுப் பாருங்கள். லஞ்ச் டயம் முழுக்க ஓடும். சாம்பார் ஆறிப் போகும்.

நம்மவர்கள் இதில் சளைத்தவர்கள் இல்லை. சொல்லின் ஒலி அழியாதது, எப்போதும் இருப்பது, நாம் பேசும்போது வெளிப்படுகிறது, அவ்வளவுதான் என்றார்கள் மீமாம்சகர்கள். அதெல்லாம் இல்லை, ஒலி உண்டாகிறது, பிறகு அழிகிறது என்றார்கள் நியாய தரிசனக்காரர்கள். நூற்றாண்டுக் கணக்கில் சண்டை!

ஐரோப்பாவில் ஜார்ஜ் பார்க்லி என்ற பாதிரியார் 1710-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு பொருள் இருக்கிறது என்றால் அதை யாரோ உணர்கிறார்கள் என்று அர்த்தம் என்பது அவர் கட்சி. ‘அப்படியானால் யாரும் பார்க்காத மரம் காணாமல் போய்விடுமா சாமி?’ என்று கேட்டால், ‘கடவுள் பார்த்துக் கொண்டிருக்கிறாரே!’ என்பார். 1884-ல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ பத்திரிகையே, காது இல்லையென்றால் சத்தமும் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

குழப்பம் எங்கே என்றால், ‘சத்தம்’ என்ற ஒரே வார்த்தையை இரண்டு காரியத்துக்குப் பயன்படுத்துகிறோம். ஒன்று, காற்றில் ஓடும் அதிர்வு. இன்னொன்று, அது காதில் மோதி மூளைக்குப் போன பிறகு மண்டைக்குள் நடப்பது. முதலாவதுக்கு ஆள் வேண்டாம். இரண்டாவதுக்கு ஆள் கட்டாயம் வேண்டும்.

ஓசூரிலேயே உதாரணம் இருக்கிறது. டைட்டன் வாட்ச் தயாராகிற ஊர் இல்லையா? குவார்ட்ஸ் வாட்சுக்குள் ஒரு குட்டிப் படிகம், விநாடிக்கு 32,768 தடவை துடிக்கிறது. அதைப் பதினைந்து தடவை பாதி பாதியாகக் குறைத்தால் ஒன்று. அதுதான் முள் ஒரு விநாடி நகர்வது. மனிதக் காதுக்கு மேல் எல்லை சுமார் 20,000 துடிப்பு. ஆகவே இது நமக்குக் கேட்கவே கேட்காது. அதோடு அந்தப் படிகத்தைக் காற்றில்லாத சின்ன உலோகக் குப்பியில் அடைத்து மூடி விடுகிறார்கள். அதைச் சுற்றிக் காற்றும் இல்லை, கேட்கக் காதும் இல்லை. அதிர்வு உண்டு, சத்தம் இல்லை என்று இரண்டு கட்சியும் கை குலுக்கலாம்!

மேலே 20,000 என்றால், கீழே எல்லை சுமார் 20. அதற்கும் கீழே பேசுகிறவர்கள் ஓசூர்ப் பக்கமே இருக்கிறார்கள். யானைகள்!

ஐப்பசி, கார்த்திகையில் கேழ்வரகு முற்றும் சமயம், கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாகக் கூட்டம் கூட்டமாக வரும். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற வழியில் சானமாவு காட்டில் முகாம் போடும். பேரண்டப்பள்ளி அருகே தேசிய நெடுஞ்சாலையையே கடந்து போகும். லாரிகள் நிற்கும். செல்போன்கள் நீளும். அந்தக் கூட்டம் தங்களுக்குள் பேசிக் கொள்வதில் ஒரு பங்கு நமக்குக் கேட்காது.

யானைகள் இப்படிப் பேசுகின்றன என்று முதலில் குறிப்பிட்டவர் ஒரு தமிழர். காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912 - 1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். பிறகு 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் மிருகக்காட்சி சாலையில், கேட்டி பெய்ன் என்ற ஆராய்ச்சியாளர் ஆசிய யானைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் காற்று துடிப்பது உடம்பில் தெரிந்தது. சின்ன வயதில் சர்ச்சில் பெரிய ஆர்கன் வாத்தியத்தின் அருகே நின்றபோது உணர்ந்த அதே துடிப்பு! டேப்பில் பதிவு செய்து, வேகமாக ஓட்டிக் கேட்டார். பேச்சுக் குரல்! 1986-ல் அவரும் சகாக்களும் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

நாம் கேட்காததால் யானை பேசாமல் இருந்துவிடவில்லை. ‘காடு அமைதியா இருக்கு, வண்டியை விடுடா’ என்று ராத்திரி சானமாவு பக்கம் போகிற தம்பிகள் கவனிக்கவும். அமைதி என்பது உங்கள் காதின் அபிப்பிராயம் மட்டுமே.

இப்போது டீக்கடைக்கு வருவோம். உள்காதில் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. செத்தால் செத்ததுதான், மறுபடி முளைக்காது. வருடக்கணக்கில் பேரிரைச்சல் கேட்டால், முதலில் அடி வாங்குவது விநாடிக்கு 4,000 துடிப்பை ஒட்டிய பகுதி. சுவர்க்கோழி கத்துவது 4,000, 5,000 அளவில்தான். பூச்சி எங்கேயும் ஓடவில்லை சார். கேட்கிற செல்தான் போய்விட்டது.

இதில் வலி கிடையாது. அதுதான் வம்பு. பேச்சில் அ, ஆ, உ எல்லாம் கேட்கும். ச, ஸ, ஷ மங்கும். ‘ஏன் எல்லாரும் முணுமுணுக்கிறாங்க?’ என்று தோன்றும். மனைவி சொல்வது காதில் விழாதது வியாதியே இல்லை, வரப்பிரசாதம் என்று ஜோக் அடிக்கலாம். குழந்தை சொல்வதும் விழாமல் போகும்போது சிரிப்பு வராது.

எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகள் வைத்த உச்சவரம்பு. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் அறிவிக்க வேண்டிய நோயாக இடம் பெற்றது. காது பரிசோதனைக்கு அரை மணிகூட ஆகாது. இயர் பிளக்கோ நுரைப் பஞ்சில் ஒரு சின்னத் துண்டு. ஆனால் பாதிப் பேருக்கு அது பாக்கெட்டில்தான் இருக்கிறது.

அவரிடம் விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். கையைக் காதில் குவித்துக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அப்ப... அது இன்னும் கத்திக்கிட்டுத்தான் இருக்கா?”

“ஆமாங்கண்ணா. இதோ, உங்க முதுகுக்குப் பின்னாலதான்.”

திரும்பி இருட்டையே பார்த்தார். பிறகு பக்கத்தில் டீ குடித்துக் கொண்டிருந்த, அதே பிரஸ் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த பையனின் சட்டைப் பையில் விரல் விட்டு, பிரிக்காமல் இருந்த இயர் பிளக் கவரை எடுத்து அவன் கையில் திணித்தார்.

“நாளையிலேர்ந்து இதைப் போட்டுக்கடா. சுவர்க்கோழி கத்துதுப்பா. நீயாவது கேளு.”