கக்கூஸ் கட்டினால் போதுமா?

மேலே கண்ட தலைப்பைப் பார்த்துச் சில வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். காலையில் காப்பியும் கையுமாகப் பத்திரிகையைப் பிரிக்கிறவர்களுக்கு இது உகந்த விஷயமா என்று கேட்கவும் கூடும். உகந்த விஷயம் அல்லவென்று நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால், முகத்தைச் சுளித்து அப்பால் திரும்பிக்கொள்ளும் இந்த வழக்கம் இருந்ததனால்தான், நமது தேசத்தில் ஒரு சாரார் தலைமுறை தலைமுறையாகப் பிறர் மலத்தைக் கையால் அள்ளும்படி நேர்ந்தது. ஆகவே, இன்று இந்த விஷயத்தை ஒளிவு மறைவின்றியே பேச உத்தேசித்திருக்கிறோம்.

2014ஆம் வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி மத்திய சர்க்கார் தூய்மை இயக்கத்தைத் தொடங்கினர். அடுத்த ஐந்து வருஷங்களில் கிராமப்புறங்களில் மட்டும் பத்துக் கோடிக்கு மேற்பட்ட கக்கூஸ்கள் கட்டப்பட்டன என்பது சர்க்கார் கணக்கு. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் இருட்டுக்காகக் காத்திருந்த பெண்மக்களின் துயரத்தை எண்ணிப் பார்த்தால், இந்தக் காரியத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. கட்டிய கக்கூஸின் குழி நிரம்பினால் அப்புறம் என்ன?

இரட்டைக் குழிக் கக்கூஸாக இருந்தால் கவலை குறைவு. ஒரு குழி நிரம்பியதும் அதை மூடிவிட்டு மறு குழியை உபயோகிக்கலாம். மூடிய குழியில் இருப்பது ஒன்றிரண்டு வருஷங்களில் மக்கி எருவாகிவிடும். ஆனால், நமது சிறிய நகரங்களிலும் பேரூர்களிலும் வீட்டுக்கு வீடு இருப்பது செப்டிக் டாங்க். அவற்றில் பெரும்பாலானவற்றில் பாதாளச் சாக்கடை கிடையாது. டாங்க் நிரம்பினால் லாரி வருகிறது. குழாய் வைத்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. வீட்டுக்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளுகிறார். லாரி எங்கே போகிறதென்று அவர் கேட்பதில்லை. கேட்டால், பல ஊர்களில் கிடைக்கக்கூடிய விடை ஓடை, வாய்க்கால், ஏரி, புறம்போக்கு என்பதே. வாசற்புறமாக வெளியேறிய அசுத்தம் ஊர்க் கிணற்றின் வழியாகக் கொல்லைப்புறமாகத் திரும்பி வருகிறது.

லாரிக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. கொண்டுபோய்க் கொட்டுவதற்கு ஓர் இடத்தை ஊரார் அவருக்குக் காட்டினோமா? சாக்கடையும் பெரிய சுத்திகரிப்பு ஆலையும் அமைத்தால் எல்லாம் சரியாகும் என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் முப்பதினாயிரம் பேர் வசிக்கும் ஒரு பேரூர், தெருத் தெருவாகத் தோண்டிக் குழாய் பதிப்பதற்குப் பணத்துக்கு எங்கே போகும்? மின்சாரக் கட்டணத்துக்கு எங்கே போகும்? இங்கேதான் நாம் சூரிய பகவானை நினைவூட்ட விரும்புகிறோம்.

லாரி உறிஞ்சிச் செல்லும் கசடில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் வெறும் நீர். நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே திடப்பொருள் என்று வைத்துக்கொண்டால், 4,000 லிட்டர் ஏற்றிய லாரியில் உள்ள உண்மையான கசடு 80 முதல் 120 கிலோ வரைதான். அதாவது ஒரு மூட்டை, ஒன்றரை மூட்டை. மற்றதெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிரித்துவிட்டால் பிரச்னையின் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது.

நீரை எப்படிப் பிரிப்பது? ஒரு லிட்டர் நீரை ஆவியாக்குவதற்கு, மின்சாரக் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட் சக்தி வேண்டும். ஒரு லாரி நீர் முழுவதையும் மின்சாரத்தால் ஆவியாக்கினால் 2,500 யூனிட்டுக்கு மேல் செலவாகும். எந்தப் பேரூராட்சியும் இதைத் தாங்காது. ஆனால் நமது நாட்டில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மீது தினந்தோறும் சராசரி ஐந்து யூனிட் அளவுக்கு வெயில் விழுகிறது. அதற்கு மீட்டரும் இல்லை, பில்லும் இல்லை. அதில் பாதி வீணானாலும், சதுர மீட்டருக்கு மூன்று லிட்டருக்கு மேல் நீர் நாள்தோறும் ஆவியாகும். உப்பளத்தில் உப்பு விளைவதும், களத்தில் நெல் காய்வதும், மொட்டை மாடியில் வடகம் உலர்வதும் இந்தச் சக்தியினால்தானே!

இதற்கான உலர்களத்தின் அமைப்பு மிக எளியது. அடியில் பெருங்கல் ஜல்லி, அதன் மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேல் மணல். இதன் மீது கசடை இருபது முப்பது சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புகிறார்கள். முதல் சில தினங்களில் நீரின் பெரும்பகுதி மணல் வழியாகக் கீழே வடிந்து குழாய்க்கு வருகிறது. மிஞ்சிய ஈரத்தை வெயிலும் காற்றும் வாங்கிக்கொள்ளுகின்றன. வறண்ட ஏரியின் வண்டல் வெடிப்பதுபோல் கசடு வெடித்துப் பாளம் பாளமாகிறது. நல்ல வெயிலில் பத்துப் பதினைந்து நாட்களில் மண்வெட்டியால் எடுக்கும் பதம் வந்துவிடும். மழைக்காலத்துக்கு ஒளி புகும் கூரை போடலாம். அப்படிப் போட்டால் ஈரக்காற்று வெளியேறுவதற்குப் போதிய வழி விட வேண்டும். இல்லாவிட்டால் கூரைக்கடியில் சூடு இருக்கும், உலர்ச்சி இராது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளியில், நாளொன்றுக்கு 6,000 லிட்டர் கசடை ஏற்கும் நிலையம் 2015ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் தொடங்கப்பட்டது. கசடு மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே ஓடும்படி அமைத்திருப்பதால் அதை நகர்த்த மின்சாரம் தேவைப்படவில்லை. உலர்ந்த கசடு ஊரின் மக்கும் குப்பையுடன் சேர்த்து எருவாக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் மதுராந்தகத்துக்கு அருகேயுள்ள கருங்குழியில் உலர்களங்களைக் கொண்ட நிலையம் அமைந்தது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு ஏறக்குறைய 23,000 லிட்டர். பெரிய பட்டணங்கள் செய்யட்டும் என்று சிற்றூர்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இவ்விரண்டு ஊர்களும் சாக்ஷி.

மலத்தையும் குப்பையையும் சேர்த்து எருவாக்குவது புதுமையுமல்ல. 1939இல் ஆசார்யா என்ற இந்திய விஞ்ஞானி வகுத்த முறை இன்றும் ‘பெங்களூர் முறை’ என்றே விவசாய நூல்களில் வழங்குகிறது. நமது கைவசம் இருந்த வித்தையை நாம் மறந்தோம். மறந்துவிட்டு, மண்ணுக்குச் சேர வேண்டிய சத்தை ஏரியில் கொட்டி, ஏரியையும் கெடுத்தோம்.

இனி, இந்த முறையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். உலர்ந்ததெல்லாம் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பது தவறு. வெயில் பல நோய்க் கிருமிகளைக் கொல்லும்; ஆனால் குடலில் வாழும் உருண்டைப் புழுவின் முட்டை லேசில் சாகாது. பார்வைக்கு மண்போல் இருக்கும் உலர் கசடில் அது மாதக்கணக்காக உயிரோடு கிடக்கும். ஆகையால் உலர்ந்த கசடைக் குப்பையோடு சேர்த்துக் குவித்து, உட்சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறிப் பல நாள் நிற்கும்படி மக்கவைக்க வேண்டும். அல்லது நமது நாட்டைப் போன்ற உஷ்ணப் பிரதேசத்தில் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் சேமித்து வைக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டியின் கருத்து. வடிந்த நீரையும் அப்படியே வாய்க்காலில் விடலாகாது. அதற்கும் சுத்திகரிப்பு வேண்டும். இவற்றைச் செய்யாமல் களத்தை மட்டும் கட்டித் திறப்பு விழா நடத்துவது, ஜனங்களை ஏமாற்றுவதாகும்.

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இன்னொன்று உண்டு. அந்தக் களத்தில் மண்வெட்டி பிடிப்பவர் யார்?

1901இல் கல்கத்தாக் காங்கிரஸுக்குச் சென்ற காந்தியடிகள் அங்கே கக்கூஸ்கள் கிடந்த நிலையைக் கண்டு தொண்டர்களிடம் சொன்னார். அது தோட்டியின் வேலை என்று அவர்கள் பதில் கூறினார்கள். அவர் ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். அதற்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. கையால் மலம் அள்ளச் செய்வதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும் 2013இல் அதனினும் கடுமையான சட்டமும் பிறந்தன. சாக்கடையிலும் டாங்கிலும் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லக்ஷம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் அந்தத் தொகையை முப்பது லக்ஷமாக உயர்த்தியது. நஷ்ட ஈட்டின் தொகையை உயர்த்த வேண்டிய அவசியம் ஏற்பட்டதே, சாவு நிற்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. ‘அது அவர்கள் வேலை’ என்று 1901இல் சொன்ன தொண்டர்களின் வார்த்தை நமது மனத்தில் இன்னும் மறையவில்லை.

உலர்களத்தின் பெருமையே இதில்தான் இருக்கிறது. மலத்தை நீரோடு ஈரமாகக் கையாளும் அருவருப்பான, ஆபத்தான வேலையைச் சூரியனும் மணலும் ஏற்றுக்கொள்ளுகின்றன. மனிதனுக்கு மிஞ்சுவது உலர்ந்த பாளத்தை எடுக்கும் வேலை. அந்த வேலைக்கும் கால் மூடும் பூட்ஸ், கையுறை, முகமூடி, கைகால் கழுவத் தண்ணீர், மருத்துவப் பரிசோதனை, நியாயமான சம்பளம் எல்லாம் உண்டு என்றால் அது கௌரவமான உத்தியோகம். எல்லா ஜாதியாரும் விண்ணப்பம் போடும் உத்தியோகமாக அது ஆக வேண்டும். அப்படியின்றி, பழைய சேரியிலிருந்து பழைய மனிதரையே அழைத்து, வெறுங்காலோடு களத்தில் நிறுத்துவதாக இருந்தால், பழைய கொடுமைக்குப் புதுப் பெயர் வைத்ததாகவே முடியும். அதற்கு நாம் ஒருபோதும் சம்மதிக்க முடியாது.

ஊர்ப்பணியில் ஈடுபட்ட தேசத் தொண்டர்களுக்கு நமது வேண்டுகோள் இதுவே. உங்கள் ஊரில் கசடு லாரி எங்கே கொட்டுகிறதென்று விசாரித்து அறியுங்கள். பேரூராட்சியிலும் நகராட்சியிலும் அந்தக் கேள்வியைப் பகிரங்கமாகக் கேளுங்கள். கசடு நிர்வாகத்துக்குத் தமிழ்நாட்டு சர்க்கார் 2014இலும், மத்திய சர்க்கார் 2017இலும் வழிமுறைகளை வகுத்துவிட்டார்கள். விதி இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல இடமில்லை. அடுத்தடுத்துள்ள ஊர்கள் கூடி ஒரு களம் அமைத்துக்கொண்டால் செலவும் குறையும். களம் தூரத்தில் இருந்தால் லாரி வராது. கட்டணம் அதிகமானாலும் வராது. இவ்விரண்டையும் கவனித்துவிட்டு, அதன் பிறகும் ஏரியில் கொட்டுபவரைத் தண்டியுங்கள்.

‘எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் வேண்டாம்’ என்ற ஆக்ஷேபம் நிச்சயம் கிளம்பும். ஒழுங்காக நடக்கும் களத்தினால் உண்டாகும் தொல்லை, ஓடையில் கொட்டிய கசடினால் உண்டாகும் தொல்லையில் ஒரு சிறு பங்குதான் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது; ஊராரை நடக்கும் களத்துக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள்.

வெயில் அதிகம் என்று நாம் வருஷத்தில் பாதி நாள் குறை கூறுகிறோம். அந்த வெயில் பணக்காரன் வீட்டு மாடியிலும் ஏழையின் குடிசை மீதும் ஒன்றுபோல் விழுகிறது, ஜாதி பார்ப்பதில்லை, கூலி கேட்பதில்லை. மனிதர் தலையில் நாம் சுமத்திய பாரத்தை இறக்கிக்கொள்ள அது தினந்தோறும் வாசலில் வந்து நிற்கிறது. அதற்கு ஒரு களம் கட்டிக் கொடுப்பது ஒவ்வோர் ஊரின் கடமை என்பது நமது துணிபு.