ஜப்பானிலிருந்து ஒரு பம்பர் வரும் வழி

இலங்கையின் வீதிகளில் ஓடும் டொயோட்டா அக்வா, ஹொண்டா வெசல், சுசுகி வேகன் ஆர் போன்ற கார்களுள் பெருந்தொகையானவை ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனத் தயாரிக்கப்பட்டுப் பின்னர் இங்கே இறக்குமதியானவை என்பதால், அவற்றின் உதிரிப்பாகங்களுக்கும் கடைசியில் ஜப்பானையே நாட வேண்டியிருக்கிறது. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் புதிய வாகனம் வாங்க வழியில்லாத நிலையில், கையிலிருந்த வாகனத்தைப் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர மக்களுக்கு வேறு போக்கு இருக்கவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் கிடைக்காத பாகத்தை ஜப்பானிய விற்பனையாளரிடம் நேரடியாகப் பதிவு செய்து வாங்குவது இன்று எளிது. அதைக் கொண்டுவந்து சேர்க்கும் வழியைத் தேர்வதுதான் கடினம். பாகத்தின் விலையை இழுத்துப் பேரம் பேசுகிற பலர் அனுப்பும் முறையை மட்டும் விற்பனையாளரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். பாகத்தின் விலையையே மிஞ்சும் கட்டணச்சீட்டு வந்த பிறகு அதை மாற்ற வழி இருப்பதில்லை. அனுப்பும் முறையைத் தீர்மானிப்பது வாங்கி முடித்த பின் செய்யும் வேலையன்று. அந்தப் பாகத்தை வாங்கலாமா, வேண்டாமா என்ற கேள்வியிலேயே அது அடங்கியிருக்கிறது.

தனிநபருக்கும் சிறு கராஜ் உரிமையாளருக்கும் எட்டக்கூடிய வழிகள் நான்கு. ஜப்பான் அஞ்சல் துறையின் விரைவு அஞ்சலான ஈஎம்எஸ் ஒன்று. வீட்டு வாசல்வரை கொண்டுவந்து கொடுக்கும் டிஎச்எல், ஃபெடெக்ஸ் போன்ற கூரியர் சேவைகள் இன்னொன்று. விமான நிலையம்வரை மட்டும் பொருளைக் கொண்டுவந்து, சுங்க அனுமதி பெற்று எடுக்கும் பொறுப்பை வாங்குபவரிடமே விடும் வான்சரக்கு மூன்றாவது. பலருடைய பொருள்களை ஒரே கொள்கலனில் சேர்த்து அனுப்பும் எல்சிஎல் எனப்படும் பகிர்வுக் கடல்சரக்கு நான்காவது. முழுக் கொள்கலனை அமர்த்துவது மொத்த வியாபாரிகளின் வழி என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம்.

இவற்றுள் எது மலிவு என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது, ஏனெனில் கட்டணத்தைத் தீர்மானிப்பது பாகத்தின் உருவம். கூரியர் நிறுவனங்கள் ஒரு பொதியின் உண்மையான எடையையும் அதன் கனஅளவு எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்கே பணம் வாங்குகின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, வரும் தொகையை 5,000ஆல் வகுத்தால் கிடைக்கும் கிலோகிராமே கனஅளவு எடை. வான்சரக்கில் பெரும்பாலும் 6,000ஆல் வகுக்கப்படுவதால் அதே பெட்டி அங்கே சற்று இலேசாகக் கணக்கிடப்படுகிறது. விமானத்தில் எடையைப் போலவே இடமும் அளவானது என்பதால் இந்தக் கணக்கை அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இதை அறியாமல் பணம் கட்டுபவருக்கு அது பேரிடியாகவே வந்து விழுகிறது.

எடுத்துக்காட்டாக, ஐந்தாறு கிலோ எடையுள்ள ஒரு முன்பக்க பம்பர் 170 சென்ரிமீற்றர் நீளமும் 60 அகலமும் 50 உயரமும் கொண்ட பெட்டியில் அடைக்கப்பட்டால், கூரியர் கணக்கில் அதன் எடை 102 கிலோ. அதே நேரத்தில், எண்ணெய் வடிக்கப்பட்ட 80 கிலோ கியர்பொக்ஸ் 70 × 60 × 50 அளவுள்ள பெட்டியில் வந்தால், அதன் கனஅளவு எடை 42 கிலோவே ஆவதால் உண்மையான எடையான 80 கிலோவுக்கே கட்டணம் விழுகிறது. ஒருவர் ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய பிளாஸ்ரிக் பம்பர், இரண்டு பேர் சேர்ந்து நகர்த்த வேண்டிய உலோகப் பாகத்தைவிட அதிகக் கட்டணத்தில் பறக்கிறது. பிரேக் தட்டு, ஆல்டர்னேட்டர், ஏசி கம்பிரசர் போன்ற அடர்த்தியான பாகங்கள் வான்வழிக்கு ஒத்துவருவதும், பம்பர், பொனட், கதவு போன்ற உடற்பாகங்கள் ஒத்துவராததும் இதனால்தான்.

முகப்பு விளக்கு இந்த இரண்டு வகைக்கும் இடைப்பட்டது. ஈஎம்எஸ் சேவையின் அருமை அதில்தான் தெரிகிறது. ஜப்பான் அஞ்சல் ஈஎம்எஸ் பொதிக்குக் கனஅளவு எடையைக் கணக்கிடுவதில்லை. தராசில் காட்டும் எடைக்கே பணம். 80 × 50 × 45 அளவுள்ள பெட்டியில் வரும் 5 கிலோ முகப்பு விளக்கு கூரியரில் 36 கிலோவாகிவிட, ஈஎம்எஸ்ஸில் 5 கிலோவாகவே நிற்கிறது. ஆயினும் அஞ்சலுக்கு அதற்கேயுரிய வரம்புகள் உண்டு: பொதி 30 கிலோவைத் தாண்டக் கூடாது, நீளமும், நீளத்தோடு சுற்றளவையும் கூட்டிய தொகையும் நாட்டுக்கு நாடு மாறுபடும் எல்லைக்குள் அடங்க வேண்டும். பல நாடுகளுக்கு இந்த எல்லை முறையே 1.5 மீற்றரும் 3 மீற்றரும் ஆகும். மேற்கண்ட விளக்கின் பெட்டிக்கு நீளம் 80, சுற்றளவு 190, கூட்டினால் 270 சென்ரிமீற்றர் என்பதால் அது தப்பிவிடுகிறது; விற்பனையாளர் கைக்குக் கிடைத்த பெரிய பெட்டியில் போட்டு இடைவெளியைத் தாளால் நிரப்பினால் தப்பாது. ஆகவே பெட்டியின் அளவை எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே பணம் செலுத்துவது அறிவுடைமை.

கடல்வழியின் கணக்கு வேறு. எல்சிஎல் சரக்குக்கு ஒரு கன மீற்றர் அல்லது ஒரு மெற்றிக் தொன், எது கூடுதலோ அதுவே அலகு. அதற்குக் குறைவான சரக்குக்கும் பெரும்பாலும் ஒரு முழு அலகின் குறைந்தபட்சக் கட்டணம் வாங்கப்படுகிறது. முன்னர் சொன்ன பம்பர் பெட்டியின் கனஅளவு 0.51 கன மீற்றர். அதை மட்டும் கப்பலேற்றுபவர் மீதி 0.49 கன மீற்றர் வெற்றிடத்துக்கும் பணம் கொடுக்கிறார். இதைவிடப் பெரிய பொறி கொழும்பில் காத்திருக்கிறது. கொள்கலனைப் பிரித்துச் சரக்கை வேறாக்கும் களஞ்சியக் கட்டணம், சரக்கை விடுவிக்கும் ஆணைக்கான கட்டணம், சுங்க முகவரின் கூலி, துறைமுகத்திலிருந்து வெளியே கொண்டுவரும் லொறிக் கூலி என்பன யாவும் ஜப்பானில் சொல்லப்பட்ட கப்பல் கட்டணத்தில் அடங்காதவை. கப்பல் கட்டணத்தை வியக்கத்தக்க அளவு குறைத்துக் காட்டிவிட்டு, இறங்குதுறைக் கட்டணங்களில் அதை ஈடுகட்டிக்கொள்ளும் வழக்கம் இத்தொழிலில் பரவலாக உண்டு. சிறு பொதிக்கு இந்த நிலைக்கட்டணங்கள் கப்பல் கட்டணத்தையே மிஞ்சிவிடும் என்பதால், இரு முனைகளிலும் உள்ள எல்லாக் கட்டணங்களையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்கும் முகவரையே நம்பலாம். கால அளவிலும் அப்படித்தான்: யொகோஹாமாவிலோ நாகோயாவிலோ கொள்கலன் நிரம்பக் காத்திருக்கும் நாள்கள், சிங்கப்பூர் போன்ற இடைத் துறைமுகத்தில் கப்பல் மாறும் நாள்கள், கொழும்பில் பிரித்தெடுக்கும் நாள்கள் ஆகியவற்றைக் கூட்டினால், கப்பல் அட்டவணையில் காணும் பயண நாள்களைவிட மொத்தக் காலம் வெகுவாக நீளும்.

எனவே கடல்வழியைத் தேர்பவர் தனித்துத் தேர்வது தவறு என்று உறுதியாகவே சொல்லலாம். ஒரு கராஜ் தன் வாடிக்கையாளர் நால்வரின் தேவைகளைச் சேர்த்து, பம்பரின் உட்குழிவில் கண்ணாடிச் சட்டங்களையும், கியர்பொக்ஸ் பெட்டியின் மேல் பொனட்டையும் அடுக்கி அந்த ஒரு கன மீற்றரை நிரப்பினால், தனித்தனியாகக் கட்டுப்படியாகாத பாகங்கள் அனைத்தும் கட்டுப்படியாகின்றன. ஜப்பானில் வெவ்வேறு விற்பனையாளரிடம் வாங்கிய பொருள்களைத் தம் களஞ்சியத்தில் சேர்த்து வைத்து ஒன்றாக அனுப்பும் முகவர்கள் இதற்கென்றே இருக்கிறார்கள். மாறாக, வாடகைக்கு ஓடும் கார் ஒரு சென்சருக்காக நின்றுவிட்டால், அது நிற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் வருமானம் நிற்கிறது. அங்கே ஈஎம்எஸ் கட்டணத்தை மிச்சப்படுத்த நினைப்பது சிக்கனமாகாது. ஒரே கொள்வனவிலும் சென்சரை அஞ்சலிலும் பம்பரைக் கப்பலிலும் பிரித்து அனுப்பச் சொல்வதில் தடையேதும் இல்லை.

வழியைத் தேர்வதற்கு முன்பே சில பாகங்கள் தாமே வழியை அடைத்துவிடுகின்றன. காற்றுப்பை, மோதலின்போது இருக்கைப் பட்டியை இழுத்து இறுக்கும் கருவி ஆகியவற்றுக்குள் சிறிதளவு வெடிமருந்து இருப்பதால், அவை ஐக்கிய நாடுகள் அமைப்பின் வகைப்பாட்டில் யூஎன் 3268 என்ற எண்ணின் கீழ் ஆபத்தான பொருள்களாகக் கொள்ளப்படுகின்றன. அஞ்சலில் அவற்றுக்கு இடமில்லை. ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிலும், இருக்கையின் பக்கவாட்டுத் துணிக்குள்ளும் காற்றுப்பை ஒளிந்திருப்பதை வாங்குபவரும் விற்பவரும் மறந்துவிடும்போதும் பொதி இடைவழியில் தடுக்கப்படுகிறது. பின்கதவைத் தாங்கும் வாயுத் தண்டும், பெற்றோல் வாடை போகாத பழைய எரிபொருள் பம்பும் இத்தகைய சிக்கலுக்கு உரியவையே.

ஹைபிரிட் கார்களின் மின்கலத்தொகுதி இதில் தனிக் கவனம் பெற வேண்டியது. அக்வாவில் இருப்பது நிக்கல் உலோக ஹைட்ரைட்டு வகை என்பதால், முனைகள் ஒன்றோடொன்று தொட்டுக் குறுஞ்சுற்று ஏற்படாதவாறு காப்பிட்டால் அதற்கான விதிகள் ஓரளவு தளர்வானவை. வெசலில் இருக்கும் லித்தியம் அயன் தொகுதியோ, தனியாக அனுப்பப்படும்போது 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானங்களில் ஏற்றப்படக் கூடாதது. சரக்கு விமானத்திலும் 30 விழுக்காட்டுக்கு மேற்படாத மின்னேற்றத்துடனேயே அனுமதிக்கப்படுகிறது. சேதமுற்றதாயின் எந்த விமானத்திலும் இடமில்லை. முறைப்படி அறிவித்துக் கடல்வழியே கொண்டுவருவதே இதற்கு உகந்தது. அறிவிக்காமல் ஏற்றினால் என்ன என்ற எண்ணம் தோன்றுமானால், 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 1,486 கொள்கலன்களுடன் வந்த அந்தக் கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்ததும், அமிலக் கசிவோடுதான் அது கொழும்பை நெருங்கியது என்பதும், பின்னர் கரையெங்கும் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கியதும் இத்தீவு மறக்கக்கூடியவையல்ல. ஆபத்தான சரக்குக்கான விதிகள் வெறும் தாள்வேலை அல்ல என்பதை இலங்கையரைவிட நன்கு அறிந்தவர் யார்?

கனமான பாகத்துக்கு மரப்பெட்டி தேவைப்படுமாயின், அந்த மரம் பூச்சி, புழு பரவாதவாறு உட்பகுதிவரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டோ வேறு ஏற்கப்பட்ட முறையில் பதப்படுத்தப்பட்டோ, அதற்கான சர்வதேச முத்திரையைத் தாங்கியிருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கு இந்த விதி பொருந்தாது.

அடுத்தது சுங்கம். இலங்கையில் வரி கணக்கிடப்படுவது பாகத்தின் விலைக்கு மட்டுமன்று. விலை, காப்புறுதி, சரக்குக் கட்டணம் மூன்றும் சேர்ந்த சிஐஎஃப் மதிப்புக்கு. 40,000 யென் பெறுமதியான ஒரு பாகத்துக்குக் கடல்வழியில் 12,000 யென்னும் வான்வழியில் 30,000 யென்னும் கட்டணம் என்று கொண்டால், வான்வழியைத் தேர்பவர் கூடுதலாகச் செலுத்துவது 18,000 யென் மட்டுமன்று. அந்த 18,000 யென்னுக்கும் சுங்கத் தீர்வையும், அதற்கு மேல் 2024 முதல் 18 விழுக்காடாக உள்ள பெறுமதிசேர் வரியும் அடுக்கடுக்காக ஏறுகின்றன. நாடுகள் இதில் ஒன்றுபோல் நடப்பதில்லை. அமெரிக்கச் சுங்கம் சர்வதேசச் சரக்குக் கட்டணத்தை மதிப்பில் சேர்ப்பதில்லை. இந்தியா சேர்த்தாலும், வான்வழிக் கட்டணம் பொருளின் ஏற்றுமதித் துறை விலையில் 20 விழுக்காட்டுக்கு மேற்படக் கணக்கிடப்படக் கூடாது என்று தன் விதியில் வரம்பு கட்டியிருக்கிறது. அவசரத் தேவைக்காக வான்வழியை நாடும் எளியவரை இரட்டைச் சுமையிலிருந்து காக்கும் நல்ல ஏற்பாடு அது. வரியைக் குறைக்கவென விலையைத் தாழ்த்திக் காட்டுவதாகவோ, அன்பளிப்பு என்று எழுதுவதாகவோ விற்பனையாளர் முன்வந்தால் மறுத்துவிட வேண்டும்; சட்டத்தை மீறுவதோடு, பொதி தொலைந்தால் இழப்பீடும் அந்தப் பொய் விலைக்கே கிடைக்கும்.

இழப்பீட்டைப் பற்றிப் பலர் கொண்டிருக்கும் நம்பிக்கை ஆதாரமற்றது. வான்வழிப் போக்குவரத்தை ஆளும் மொன்ட்ரியல் உடன்படிக்கையின்படி, தனி அறிவிப்பு எதுவும் செய்யாத சரக்குக்கு விமான நிறுவனத்தின் பொறுப்பு, 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர் என்ற எல்லைக்கு உட்பட்டது. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அதன்படி 80 கிலோ கியர்பொக்ஸ் 2,080 எஸ்டிஆர்வரை காக்கப்படுகையில், அதற்கு நிகரான விலை பெறக்கூடிய 5 கிலோ எல்இடி முகப்பு விளக்குக்கு 130 எஸ்டிஆர் மட்டுமே. கடல்வழியில் ஜப்பான் உள்ளிட்ட பல நாடுகள் பின்பற்றும் ஹேக்-விஸ்பி விதிகள் ஒரு பொதிக்கு 666.67 எஸ்டிஆர் அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது கூடுதலோ அதை எல்லையாக வைக்கின்றன. இலேசான, விலையுயர்ந்த, எளிதில் உடையும் பாகமே காப்புறுதி மிகத் தேவைப்படும் பாகம் என்பது இதிலிருந்து விளங்கும். விற்பனையாளர் சிஐஎஃப் விலை சொல்லும்போது காப்புறுதி அடங்கியிருப்பது உண்மையே; ஆயினும் 2020ஆம் ஆண்டின் இன்கோடேர்ம்ஸ் எனப்படும் சர்வதேச வணிக விதிகள் அதில் கோருவது, தீ, மூழ்கல், மோதல் போன்ற பெருவிபத்துகளுக்கு மட்டுமான குறைந்தபட்சக் காப்புறுதியையே. கையாளும்போது கண்ணாடி நொறுங்கினால் அது கைகொடுக்காது. எல்லா இடர்களையும் தழுவும் ‘ஏ’ வகைக் காப்புறுதியைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். கப்பல் ஆபத்துக்குள்ளாகும்போது காப்பாற்றும் செலவைச் சரக்கின் உரிமையாளர் அனைவரும் பங்கிட்டுக்கொள்ளும் பொதுச் சராசரி என்ற பழைய கடல்வழக்கும் இன்றுவரை உயிரோடிருக்கிறது. 2021 மார்ச்சில் சுயெஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலின் உரிமையாளர் அதை அறிவித்தபோது, தம் பொருளுக்குச் சேதமே நேராதவர்களும் உத்தரவாதம் கொடுத்தே சரக்கைப் பெற வேண்டியிருந்தது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், தவறான பாகம் வந்துசேர்ந்தால் அதைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஆகவே மாதிரிப் பெயரை மட்டும் சொல்லாமல், என்எச்பி10, ஆர்யூ3 என்பன போன்ற அடிச்சட்டக் குறியீட்டையும் முழு அடிச்சட்ட இலக்கத்தையும், பழைய பாகத்தின் மேல் அச்சிட்ட இலக்கத்தின் படத்தையும் விற்பனையாளருக்கு அனுப்பி, பொருந்தும் என்ற உறுதியைப் பணம் கட்டுமுன் எழுத்தில் பெற வேண்டும்.

பொதி கைக்கு வந்ததும் அதைப் பிரிக்கும் முன் ஆறு பக்கங்களையும் படமெடுத்து, வெளிச்சேதம் இருந்தால் கையொப்பமிடும் தாளிலேயே குறித்துவிடுவது முறை. உள்ளே மறைந்திருந்த சேதத்துக்கு வான்சரக்கில் 14 நாள்களுக்குள் எழுத்துமூலம் முறையிட வேண்டும். கடல்சரக்கில் கிடைப்பது மூன்றே நாள்கள்; அதற்குள் அறிவிக்காவிட்டால் பொருள் நல்ல நிலையிலேயே ஒப்படைக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டு, சேதத்தை நிரூபிக்கும் பாரம் வாங்கியவர் மேல் விழும்; வழக்குத் தொடுக்க அவருக்கு எஞ்சியிருப்பது ஓராண்டு.