காது கேட்காத வி8

பழைய செவர்லே சில்வராடோ பிக்கப்பின் 5.3 லிட்டர் வி8 என்ஜினுக்கு இரண்டு காதுகள் உண்டு. இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், வெளியே தெரியாமல் பதிந்திருக்கும் இரண்டு நாக் சென்சார்கள்தாம் அவை. சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தறிகெட்டு வெடித்தால் சுத்தியலால் தட்டியது போல ஓர் உலோகச் சத்தம் எழும். அதன் சுருதியைச் சிலிண்டரின் விட்டமே தீர்மானிக்கிறது. இந்த என்ஜினின் 96 மில்லிமீட்டர் சிலிண்டரில் அது ஏறத்தாழ 6,000 ஹெர்ட்ஸ். சென்சாருக்குள் இருக்கும் பீசோ படிகம் அந்த அதிர்வை மின்னழுத்தமாக மாற்றி அனுப்ப, கணினி தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றே தள்ளிப்போடுகிறது. ஓட்டுபவருக்கு இதெல்லாம் நடந்ததே தெரியாது.

1999 மாடலில் தொடங்கி 2006 வரை வந்த இந்த வண்டிகளில் அந்தக் காதுகளுக்கு ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. என்ஜினைக் கழுவும் தண்ணீர் பள்ளத்துக்குள் இறங்கித் தேங்கி, பெரும்பாலும் பின்பக்க சென்சாரைத் துருப்பிடிக்க வைக்கிறது. டேஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0332 என்ற கோளாறுக் குறியீடு. காது கேட்காத கணினி, எதற்கு வம்பு என்று தீப்பொறியை நிரந்தரமாகப் பின்தள்ளி வைக்கிறது. வண்டியின் இழுவை குறைகிறது, மைலேஜும் அடிபடுகிறது. மேனிஃபோல்டைக் கழற்றி இரண்டு சென்சார்களையும் வயரோடு மாற்றுவதுதான் வைத்தியம். விவரம் தெரிந்த மெக்கானிக்குகள், பின் சென்சாரின் குழியைச் சுற்றி சிலிகான் பூசி ஒரு வரப்பும் கட்டிவிடுவார்கள்.

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் சராசரி வயது 12 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. இருபது வயது பிக்கப் என்பது அங்கே சர்வசாதாரணம். அப்படி ஒன்றை வாங்குபவர்கள் முதல் வாரத்தில் செய்யும் வேலைகள் இரண்டு. கேபினின் இரைச்சல் தாங்காமல் தரை முழுக்க ரப்பர் ஷீட் ஒட்டுவது ஒன்று. எரியும் விளக்கை அணைக்க பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவது இன்னொன்று. இரண்டுமே அவசரப்பட்ட வேலைகள். பழைய வண்டியில் சத்தமும் விளக்கும் பல சமயம் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். ஒன்றை அமுக்கினால் மற்றதைப் புரிந்துகொள்ளும் வழியும் அடைபட்டுப் போகும்.

காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். ஐந்து பத்து நிமிடத்தில் தானாக மறைந்துவிடுகிறது. இந்த வி8-இல் இது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைந்ததன் அடையாளமாக இருக்கக்கூடும். என்ஜினின் தலைப்பகுதி அலுமினியம், மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. சூடேறும்போது அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. ஆண்டுக்கணக்கில் இந்த இழுபறியில் சிக்கிய போல்ட், பெரும்பாலும் கடைசி மூலையில் உள்ளது, தலை தெறித்துவிடுகிறது. குளிரில் இருக்கும் இடைவெளி சூட்டில் அடைபடுவதால்தான் சத்தம் மறைகிறது. இதே இடைவெளி வழியாகப் புகை வெளியே துடிக்கும்போது, துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. அடுத்திருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து 'பெட்ரோல் போதவில்லை' என்று தப்பாகச் சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் பி0171 என்று விளக்கு எரிகிறது. விளக்கை மட்டும் பார்ப்பவர் சென்சாரை மாற்றிப் பணத்தை இழப்பார். ஷீட் ஒட்டியவருக்கு 'டிக் டிக்' கேட்கவே கேட்காது.

சக்கரத்திலும் இதே கதை. மணிக்கு 60 கிலோமீட்டரில் தொடங்கி வேகத்தோடு ஏறும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் டயராலும் வரலாம், பேரிங்காலும் வரலாம். பிரித்தறிய எளிய வழி உண்டு. இடப்பக்க வளைவில் எடை வலச் சக்கரத்தின் மேல் சாயும்; அப்போது சத்தம் கூடினால் சந்தேகம் வலப்பக்க பேரிங்கின் மேல். டயரின் சத்தம் வளைவைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, சாலையின் பரப்பு மாறினால்தான் மாறும். சில்வராடோவின் முன்சக்கர ஏபிஎஸ் சென்சார் பேரிங் இருக்கும் ஹப்பிலேயே அமர்ந்திருக்கிறது. எனவே பேரிங் ஆட்டம் கண்டால் ரீங்காரத்தோடு ஏபிஎஸ் விளக்கும் எட்டிப்பார்க்கும்.

ஆனால் விளக்கையே நம்பி இருக்கவும் முடியாது. பனிக்காலத்தில் அமெரிக்காவின் வட மாநிலங்களில் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பால் ஏபிஎஸ் சென்சாரின் அடியில் துரு ஏறி, அது சென்சாரை மெல்ல மேலே தூக்கிவிட்டது. சென்சாருக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே தூரம் கூடியதால் குறைந்த வேகத்தில் சிக்னல் நலிந்தது. சக்கரம் வழுக்குகிறது என்று நினைத்த கணினி, விளக்கை ஏற்றாமலே, வண்டி நிற்கப்போகும் கடைசி நொடிகளில் பிரேக்கைத் தளர்த்தியது. சிக்னலில் நிற்க வேண்டிய வண்டி சில அடிகள் தள்ளிப் போய் நின்றது. 1999 முதல் 2002 வரையிலான சுமார் 8 லட்சம் பிக்கப்களையும் எஸ்யூவிகளையும் ஜெனரல் மோட்டார்ஸ் 2005-இல் திரும்ப அழைத்தது இதற்காகத்தான்.

செக் என்ஜின் விளக்கின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அதன் குணமும் புரியும். அது மெக்கானிக்குகளுக்காகப் பிறந்ததல்ல, புகைக்காகப் பிறந்தது. லாஸ் ஏஞ்சலிஸைப் புகைமூட்டத்தால் திணறடித்த வாகனங்களைக் கண்காணிக்க, 1988 மாடல் முதல் வண்டிக்குள்ளேயே சுயசோதனை வேண்டும் என்றது கலிஃபோர்னியா. 1996 மாடலில் இருந்து அமெரிக்கா முழுவதும் கார்களுக்கும் பிக்கப்களுக்கும் ஓபிடி-2 என்ற சுயசோதனை முறை கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஊசி சாக்கெட் வந்தது அப்போதுதான். மாசு, அனுமதித்த அளவில் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடிய கோளாறு என்றால் விளக்கு எரிய வேண்டும் என்பது அடிப்படை விதி. பல கோளாறுகள் அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் தென்பட்டால்தான் கணினி அதை ஏற்கும். தொடர்ந்து மூன்று பயணங்களில் கோளாறு இல்லையென்றால் விளக்கைத் தானே அணைத்துக்கொள்ளும். இன்று எரிந்து அடுத்த வாரம் அணைவது மாயமல்ல, இந்தக் கணக்குதான்.

பேட்டரியைக் கழற்றினால் விளக்கு அணையும், உண்மை. கோளாறு தோன்றிய கணத்தில் என்ஜின் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு சுமையில் இருந்தது என்ற பதிவும் அதோடு அழிந்துவிடும். துப்புத்துலக்க வந்தவர் முதல் வேலையாகக் கைரேகையைத் துடைத்த கதைதான்.

நிறத்துக்கும் மரியாதை கொடுக்க வேண்டும். மஞ்சள் என்றால் பார்த்துக்கொள்ளலாம். சிவப்பு என்றால் ஓரங்கட்ட வேண்டும். மஞ்சளிலும் விதிவிலக்கு உண்டு. செக் என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூட்டில் உருக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆயில் பிரஷர் விளக்கோடு என்ஜினின் மேல்பகுதியில் தடதடப்பும் கேட்டால் அந்த இடத்திலேயே சாவியைத் திருப்பி அணைப்பது நல்லது. சத்தமே இல்லை என்றால் சென்சாரின் கோளாறாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனாலும் தனி மீட்டரைப் பொருத்தி அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது. 2003 முதல் 2006 வரையிலான சில்வராடோக்களில் மீட்டர் முள்ளை நகர்த்தும் சிறு மோட்டார்கள் பழுதாவது பிரசித்தம். நின்றிருக்கும் வண்டியிலும் முள் 60-ஐக் காட்டும். ஸ்கேனரில் ஓடும் எண்ணையும் முள்ளையும் ஒப்பிட்டால் எது பொய் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இத்தனையும் சரிசெய்த பிறகு மிஞ்சும் இரைச்சலைத்தான் அமைதிப்படுத்த வேண்டும். முதல் எதிரி ஓட்டை. ஒலித்தடுப்பின் கணக்கு இரக்கமற்றது: கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மற்ற பகுதி எவ்வளவு கனமான இரும்பாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஆகவே செலவைத் தொடங்க வேண்டிய இடம் கதவு பீடிங். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தால் போதும். தடையில்லாமல் வழுக்கி வரும் இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. ஃபயர்வாலில் வயர்கள் நுழையும் துளைகளின் ரப்பர் வளையங்களையும் விடக் கூடாது.

அடுத்தது தகட்டின் நடுக்கம். மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் பியூட்டைல் ரப்பரை ஒட்டி அதன் மேல் அலுமினியத் தாள் வைத்தால், தகடு வளையும்போதெல்லாம் ரப்பர் இரண்டுக்கும் நடுவே சறுக்கி இழுபட்டு அதிர்வைச் சூடாக மாற்றிவிடும். இதன் கணிதத்தை 1959-இல் எழுதியவர்கள் டொனால்டு ராஸ், எரிக் உங்கார், எட்வர்ட் கெர்வின் ஆகிய மூவர். தகடு முழுக்க ஒட்டத் தேவையில்லை என்பது இதில் பணம் மிச்சமாகும் செய்தி. தகட்டின் நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு மூடினாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும். தார் கலந்த மலிவு ஷீட்டை மட்டும் தவிர்க்க வேண்டும். வெயிலில் உருகி நாறும்.

ஷீட்டுக்கு அடங்காத ஒன்றும் உண்டு: காதை அழுத்தும் 'பூம்' என்ற முழக்கம். வி8 ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 1,700 சுற்று என்றால் நொடிக்கு 113 துடிப்பு. ஒற்றை வரிசை இருக்கை கொண்ட கேபினில் முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். அந்த நீளத்தில் காற்று இயல்பாக அதிரும் வேகமும் கிட்டத்தட்ட இதுவேதான். முக்கால் மீட்டருக்கு நெருக்கமான தடிமனில் பஞ்சு வைத்தால்தான் இந்த அலையை உறிஞ்ச முடியும். அதற்குப் பதில், இறுகிப்போன என்ஜின் மவுன்டையும், கேபினைச் சேஸிஸிலிருந்து பிரித்துத் தாங்கும் ரப்பர் புஷ்களையும் மாற்றினால் முழக்கம் பிறக்கும் இடத்திலேயே குறைகிறது.

கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. பின்சுவரில் ரப்பர் மடிப்புகளோடு உள்ள காற்றுப்போக்கியையும் அப்படியே விட வேண்டும். அடைத்தால் ஏசி காற்று சரியாக ஓடாது. கம்பளத்துக்கு அடியில் ஈரம் இருந்தால், ஷீட் ஒட்டும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது அவசியம்.

இந்தியாவிலும் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களுக்கு ஓபிடி-2 உண்டு. பழைய வண்டி வாங்கப்போகும் எவரும் ஒரு சோதனையைக் காசில்லாமல் செய்யலாம். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் எச்சரிக்கை விளக்குகள் ஒரு முறை எரிந்து காட்ட வேண்டும். செக் என்ஜின் விளக்கு அப்போது எரியவே இல்லை என்றால், யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.