மங்கித் தோன்றும் கட்டளைகள்

பூகோள ஆசிரியர் ஒருவர், தம் பள்ளி அமைந்துள்ள வட்டாரத்தைக் காட்டும் நில அளவை வரைபடத்தின் ஒரு பகுதியை வகுப்பறைச் சுவரில் தொங்கவிடும் அளவிற்குப் பெரிதாக்க விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். வரைபடம் முன்பே ஸ்கேன் செய்யப்பட்டுக் கணினியில் இருக்கிறது. அதனை ஃபோட்டோஷாப் மென்பொருளில் திறந்து, மங்கலான கோடுகளைத் தெளிவாக்கும் பொருட்டு 'ஃபில்டர்' என்னும் பட்டியலை விரிக்கிறார். அதிலுள்ள கட்டளைகள் வெளிறிய சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. எதை அழுத்தினும் பயனில்லை. மென்பொருள் கெட்டுவிட்டது என்று கருதி அதனை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறார். அரை நாள் கழிகிறது. கட்டளைகள் முன்போலவே மங்கி நிற்கின்றன.

குறை மென்பொருளில் இல்லை. திறக்கப்பட்ட படத்தின் நிலையில் இருக்கிறது. கட்டளையை மறைத்துவிடாமல் மங்கச் செய்து காட்டும் வழக்கம், 1984ஆம் ஆண்டு வெளிவந்த மாக்கின்டாஷ் கணினியிலேயே காணப்பட்டது. கட்டளை இருக்கும் இடம் பயன்படுத்துவோர் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். அதே சமயம் அப்பொழுது அது செல்லாது என்பதும் தெரிய வேண்டும் என்பதே அதன் கருத்து. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் 'இயலாது' என்று கூறும் பட்டியல், 'ஏன் இயலாது' என்று பெரும்பாலும் கூறுவதில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும் இக்குறை நீடிப்பது வியப்பிற்குரியதே.

ஆசிரியரின் வரைபடத்திற்குத் திரும்புவோம். கோப்பின் பெயரை அடுத்து, சாளரத்தின் மேல் விளிம்பில், படத்தின் வண்ண முறை குறிக்கப்பட்டிருக்கும். அங்கு 'இன்டெக்ஸ்' என்ற சொல் காணப்படுமாயின் காரணம் விளங்கிவிட்டது. சாதாரண வண்ணப் புகைப்படத்தில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் அளவுகளைத் தாங்கி நிற்கிறது. இதுவே ஆர்ஜிபி முறை. இன்டெக்ஸ் முறையிலோ புள்ளியில் இருப்பது ஒரேயோர் எண். அந்த எண் ஒரு வண்ண அட்டவணையின் வரிசை எண்ணாகும். அட்டவணையில் 256 வண்ணங்களுக்கு மேல் இடமில்லை. 1987இல் தோன்றிய ஜிஃப் வகைக் கோப்புகள் யாவும் இம்முறையின. பிஎன்ஜி வகையிலும் இவ்வாறு அமைந்தவை உண்டு. சில நிறங்களே கொண்ட வரைபடத்தைச் சிறிய கோப்பாக வைத்திருக்க இது மிகவும் ஏற்றது.

இனி, ஃபில்டர்கள் ஏன் மறுக்கின்றன என்பதைப் பார்க்கலாம். படத்தை மென்மையாக்குவதும் கூர்மையாக்குவதும் அடுத்தடுத்த புள்ளிகளின் மதிப்புகளைக் கூட்டியும் கழித்தும் வகுத்தும் செய்யப்படும் கணக்குகளே. அட்டவணையில் 3ஆம் எண் நீலம், 4ஆம் எண் சிவப்பு, 5ஆம் எண் பழுப்பு என்று கொள்வோம். நமது நாட்டு நில அளவை வரைபடங்களில் நீலம் நீர்நிலையையும், பழுப்பு சம உயரக் கோட்டையும், சிவப்பு குடியிருப்பையும் குறிக்கும். ஆற்றை ஒட்டிச் சம உயரக் கோடு செல்லுமிடத்தில் 3க்கும் 5க்கும் சராசரி கண்டால் 4 கிடைக்கிறது; அதாவது, ஆளரவமற்ற ஆற்றங்கரையில் ஓர் ஊர் முளைத்துவிடும்! வரிசை எண்களுக்குச் சராசரி காண்பது பொருளற்றது என்பதனாலேயே மென்பொருள் அக்கட்டளைகளை அடைத்து வைக்கிறது. மாணவர்களின் வருகைப் பதிவேட்டு எண்களைக் கூட்டி வகுத்து ஒரு மாணவனைக் கண்டுபிடிக்க இயலாதது போன்றதே இதுவும்.

'இமேஜ்' பட்டியலில் 'மோட்' என்பதைத் திறந்து 'ஆர்ஜிபி கலர்' என்பதைத் தேர்ந்தால் ஃபில்டர்கள் உயிர்பெறும். கட்டணமின்றிக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளிலும் 'இமேஜ்' பட்டியலின் கீழேயே 'மோட்' உள்ளது. பெரும்பாலோர் இத்துடன் வேலை முடிந்தது என்று நின்றுவிடுவர். உண்மையில் கவனம் வேண்டுவது இதன் பிறகுதான்.

இன்டெக்ஸ் முறையில் படத்தைப் பெரிதாக்கும்போது ஃபோட்டோஷாப் இடைப்பட்ட வண்ணங்களைக் கணக்கிடுவதில்லை. அண்மையிலுள்ள புள்ளியையே திரும்பப் படியெடுக்கிறது. ஆர்ஜிபி முறைக்கு மாற்றிய பின் வழக்கமான வகையில் பெரிதாக்கினால் எல்லைக் கோடுகள்தோறும் புதிய வண்ணங்கள் பிறக்கின்றன. நீல ஆறும் மஞ்சள் நிற விளைநிலமும் சந்திக்கும் இடத்தில் பச்சை தோன்றும் என்று ஓவிய ஆசிரியர் எதிர்பார்க்கக்கூடும். ஆனால் இங்கு கலப்பது வர்ணக் குழம்பன்று, ஒளியின் எண்கள். தூய நீலத்திற்கும் தூய மஞ்சளுக்கும் சராசரி சாம்பல் நிறமாகும். வரைபடத்தின் குறி விளக்கத்தில் இல்லாத இச்சாம்பல் கோட்டைக் கண் பொறுத்துக்கொள்ளும். ஆனால் வண்ணத்தை வைத்து விளைநிலப் பரப்பையோ நீர்ப்பரப்பையோ கணினி வாயிலாக அளக்க முற்படும் களப் பணியாளரின் கணக்கு இதனால் பிழையாகிவிடும். ஜேபெக் வகையில் சேமிப்பதாலும் இத்தகைய புது வண்ணங்கள் புகும். ஆகவே முறை மாற்றத்தை நகலில் மட்டுமே செய்தல் வேண்டும். மூலக் கோப்பு மூலமாகவே இருக்கட்டும். சுவர்ப் படத்திற்கு மட்டும் தேவையெனில், முதலில் இன்டெக்ஸ் முறையிலேயே இரு மடங்கு, மும்மடங்கு என முழு எண் மடங்கில் பெரிதாக்கிக்கொண்டு, பின்னர் ஆர்ஜிபிக்கு மாற்றுவது நலம்.

கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்யப்பட்ட அலுவலகத் தாள்களில் வேறொரு தடை எதிர்ப்படும். 'பிட்மேப்' எனப்படும் இம்முறையில் ஒரு புள்ளி கறுப்பு அல்லது வெள்ளை மட்டுமே. ஃபோட்டோஷாப்பில் இதனை நேராக ஆர்ஜிபிக்கு மாற்ற இயலாது; முதலில் 'கிரேஸ்கேல்' முறைக்குச் சென்று, அங்கிருந்தே மேற்செல்ல வேண்டும். அச்சகத்திலிருந்து வரும் சிஎம்ஒய்கே படங்களிலும் சில ஃபில்டர்கள் மங்கியிருக்கும்.

எல்லாக் கட்டளைகளும் அன்றிச் சில மட்டும் மங்கியிருப்பின் பிட் ஆழத்தைப் பார்க்க வேண்டும். காமிராவின் மூலப் பதிவிலிருந்து வரும் படங்கள் பலவும் ஒவ்வொரு வண்ணத்திற்கும் 16 பிட் கொண்டவையாகத் திறக்கப்படுகின்றன. 'ஃபில்டர் கேலரி' போன்றவை 8 பிட் படத்தையே ஏற்கும். 'மோட்' பட்டியலிலேயே 8 பிட்டுக்கு மாற்றலாம்; ஆனால் 16 பிட் கோப்பு 65,536 ஒளிப்படிகளைக் குறிக்கவல்லது, 8 பிட் 256 படிகளையே குறிக்கும். நோயுற்ற இலையின் மஞ்சள் நிறம் நாளுக்கு நாள் எவ்வாறு மாறுகிறது என்று அளப்பதற்காக எடுக்கப்பட்ட படத்தை, ஓர் அலங்கார ஃபில்டருக்காக இவ்வாறு குறைப்பது தகாது.

பட்டியல்கள் அனைத்தும் திடீரென ஒருங்கே மங்கினால், பெரும்பாலும் தொடங்கிய செயல் ஒன்று முடிக்கப்படாமல் நிற்கிறது. எழுத்து எழுதிக்கொண்டிருத்தல், படத்தைத் திருப்புதல், ஓரம் வெட்டுதல் போன்றவை நடுவில் நிற்கும்போது பிற கட்டளைகள் காத்திருக்கும். என்டர் விசையால் அதை முடிக்கலாம். எஸ்கேப் விசையால் கைவிடலாம். எழுத்தைப் பொறுத்தவரை என்டர் அடுத்த வரியையே தரும். கன்ட்ரோல் விசையுடன் சேர்த்து அழுத்துதல் வேண்டும். மிகச் சிறிய காரணம்தான். மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவச் செய்வதும் பல வேளைகளில் இதுவே.

லேயர் எனப்படும் அடுக்குகளும் ஃபோட்டோஷாப்பின் 1994ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இத்தகைய குழப்பத்திற்கு இடமளித்து வருகின்றன. பூட்டப்பட்ட அடுக்கோ, மறைக்கப்பட்ட அடுக்கோ தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் சில கட்டளைகள் செயற்படா. ஜேபெக் படம் 'பேக்ரவுண்டு' என்ற பெயரில், சிறு பூட்டுக் குறியுடன் திறக்கும். அதன் பெயர்மீது இருமுறை தட்டிச் சாதாரண அடுக்காக மாற்றிக்கொள்ளலாம்.

இவற்றுள் எதுவும் பொருந்தவில்லை என்று தோன்றினால், ஐயமற்ற சாதாரண ஜேபெக் புகைப்படம் ஒன்றை அதே மென்பொருளில் திறந்து, அதே கட்டளையைப் பார்க்க வேண்டும். அங்கே அது தெளிவாக இருந்தால், தடை முந்திய படத்தில்தான் இருக்கிறது. அங்கும் மங்கியிருந்தால் மட்டுமே மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். சில ஃபில்டர்களுக்கு வரைகலைச் செயலியின் உதவி தேவை. அமைப்புகளில் அது அணைக்கப்பட்டிருக்கலாம். ஃபோட்டோஷாப்பைத் தொடங்கியவுடன் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் பழைய அமைப்புகளை அழிக்கவா என்று கேட்கும். ஆம் எனில், பயன்படுத்துவோர் தமக்கென மாற்றி வைத்திருந்த அமைப்புகளும் உடன் போய்விடும்; ஆகையால் இரண்டாவது படத்தைத் திறந்து பார்க்காமல் அந்த மூன்று விசைகளில் கைவைக்க வேண்டியதில்லை.