டயரை மாற்றினால் ஸ்பீடோமீட்டரையும் கவனியுங்கள்

உங்கள் ஜீப்புக்கோ பிக்கப் வண்டிக்கோ கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் ஸ்பீடோமீட்டர் (வேகம் காட்டும் மீட்டர்) இனி பழையபடி வேகத்தைக் காட்டாது. முள் காட்டுவதைவிட வேகமாகவே வண்டி போய்க்கொண்டிருக்கலாம்.

ஏன் அப்படி? மீட்டர் சாலையை அளப்பதில்லை, சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்பது கம்பெனி போட்டுவைத்த கணக்கு. பெரிய டயர் ஒரே சுற்றில் கூடுதல் தூரம் ஓடிவிடும். அது மீட்டருக்குத் தெரியாது.

எவ்வளவு வித்தியாசம் வரும்? 245/75 ஆர் 16 டயரின் மொத்த உயரம் சுமார் 774 மி.மீ. அதே ரிம்மில் 285/75 ஆர் 16 போட்டால் 834 மி.மீ. ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல். முன்பு முள் சரியாகக் காட்டியிருந்தால், இப்போது அது 80-இல் நிற்கும்போது உண்மை வேகம் 86.

இதனால் எனக்கு என்ன நஷ்டம்? முதலில் அபராதம். வேகக் கேமரா உங்கள் மீட்டரைப் பார்ப்பதில்லை. அதைவிடப் பெரியது ஆபத்து: வேகம் கூடினால், பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரமும் கூடும். அடுத்தது, ஓடிய கிலோமீட்டர் குறைவாகப் பதிவாகும். மீட்டரில் 10,000 ஆனதும் ஆயில் மாற்றினால், வண்டி 10,800 ஓடியிருக்கும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கும் குறைந்து தெரியும். அதைப் பார்த்து எஞ்சினில் கோளாறு என்று செலவு செய்யாதீர்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள சரக்கு வண்டி என்றால், மீட்டருக்காகச் சுற்றுகளை எண்ணும் அதே சென்சாரை நம்பும் கருவி 80-க்குப் பதில் 86-இல்தான் தடுக்கும்.

கிரவுன்-பினியன் (பின் அச்சின் நடுவே உள்ள பல்சக்கர ஜோடி) மாற்றினால்? இங்கே கவனம் வேண்டும். சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருந்தால், 3.73 விகிதத்தை 4.10 ஆக்கும்போது முள் சுமார் 10 சதவீதம் கூடுதலாகக் காட்டும். பெரிய டயரும் சேர்த்துப் போட்டால் இரண்டும் எதிரெதிராக இழுத்து, பிழை 2 சதவீதத்துக்கு வந்துவிடும். சக்கரத்தில் உள்ள ஏ.பி.எஸ். சென்சாரிலிருந்து வேகம் எடுக்கும் வண்டிகளில் கிரவுன் மாற்றத்தால் மீட்டர் மாறாது. டயர் மாற்றத்தால் மட்டுமே மாறும். உங்கள் வண்டி எந்த வகை என்று மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள்.

கணக்குப் போட்டே திருத்திவிடலாமா? வேண்டாம், அளந்து பாருங்கள். மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதி. அதனால் பல கம்பெனிகள் முள்ளைச் சற்றுக் கூட்டியே வைக்கின்றன. சிறிய டயர் மாற்றத்துக்குத் திருத்தமே தேவைப்படாமல் போகலாம். டயரில் சரியான காற்று வைத்து, சமதளச் சாலையில் 60-இலும் 80-இலும் நிதானமாக ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் செல்போன் ஜி.பி.எஸ். வேகத்தைக் குறிக்கட்டும். ஓட்டுபவர் போனைப் பார்க்க வேண்டாம். கிலோமீட்டர் பதிவைச் சரிபார்க்க, நெடுஞ்சாலைக் கல்லிலிருந்து கல்லுக்குப் பத்து கிலோமீட்டர் ஓடினால் போதும்.

திருத்துவது எப்படி? மீட்டர் கேபிள் உள்ள பழைய ஜீப்பில், கேபிளின் அடியில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். டயர் 5 சதவீதம் பெரிதானால், 20 பல் இருந்த இடத்தில் 19 பல். புதிய வண்டிகள் சிலவற்றில், சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை இணைத்து டயர் அளவை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு வழியில்லாத வண்டிகளுக்கு, சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே பொருத்தும் திருத்தப் பெட்டி கிடைக்கிறது. அதை மலிவு பார்த்து வாங்காதீர்கள். வயரிங்கைத் தவறாக வெட்டினால் ஏ.பி.எஸ். விளக்கு எரிய ஆரம்பித்துவிடும்.

ஒருமுறை திருத்தினால் போதுமா? டயர் தேய்ந்தாலே 2 சதவீதம் வரை மாறும். அதற்கெல்லாம் திரும்பத் திருத்த வேண்டியதில்லை. டயர் அளவு மாறும்போது மட்டும் பாருங்கள்.

ஏற்கெனவே பதிவான கிலோமீட்டரைத் தொடவே தொடாதீர்கள். மாற்றம் செய்த தேதியையும் அன்றைய மீட்டர் அளவையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் காட்டுங்கள்.